பஸ்ஸில் ஏறாத பிள்ளையும் நம் பிள்ளைதான்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணித் தலைவிகள், பெற்றோர் கலந்துகொண்ட கூட்டத்தில் நமது சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், பேர், வீடு, காணி என்று பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுவோம். இன்றைக்குப் பாடசாலைச் சுற்றுலாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "அது டீச்சர்மார் பார்க்கிற வேலையாச்சே, சங்கத்துக்கு அதில் என்ன?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

2024ஆம் ஆண்டு நமது அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று முடிவானது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வருகிறது. சுற்றுலாவுக்கு 3000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அந்த 2024 சம்பளத்தில் இரண்டு பேருக்கு மேல் அதற்கே போயிருக்கும். அதோடு நிற்குமா? சப்பாத்து கிழிந்திருக்கிறது. கைச்செலவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் கிலோ குறைந்து அரைப்பேர் போட்ட மாதமென்றால் அந்த 3000 எங்கிருந்து வரும்? கடைக் கணக்கிலிருந்தோ நகை அடகிலிருந்தோதான் வரும். ஆகவே தோழர்களே, சுற்றுலாக் கடிதம் வீட்டுக்குள் வந்த உடனே அது சம்பளப் பிரச்சினையாகிவிடுகிறது. சம்பளப் பிரச்சினை என்றால் அது சங்கத்தின் வேலை.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கொப்பிக்குள்ளேயே மடித்து வைத்துவிடுகிறார்கள். டீச்சர் கேட்டால், "பஸ்ஸில் போனால் எனக்கு வாந்தி வரும்", "எனக்கு அந்த இடமெல்லாம் பிடிக்காது" என்று சொல்லிவிடுகிறார்கள். அம்மாவின் கையில் காசில்லை என்று தெரிந்த பிள்ளை சொல்லும் பொய் அது. பதினைந்து வயதில் குடும்பத்தின் கடன் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளைகள் நம் லயங்களில் ஏராளம். சுற்றுலா நாளில் அவர்கள் பாடசாலைக்கும் போவதில்லை. அடுத்த நாள் வகுப்பு முழுக்க அந்தப் பேச்சாகவே இருக்கும், அதனால் அன்றைக்கும் போவதில்லை. இடைவிலகல் என்று அதிகாரிகள் எழுதுவது பலருக்கு இப்படி ஒரு நாள், இரண்டு நாள் என்றுதான் தொடங்குகிறது. கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 16 என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பதினாறு வரை பிள்ளையை வகுப்பில் வைத்திருக்க வேண்டுமென்றால், இப்படிப்பட்ட சின்ன அவமானங்களைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டுப் பிள்ளையை அனுப்புகிறோம். எங்கே கூட்டிப் போகிறார்கள்?

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, காலி முகத்திடல், கண்டி, பேராதனைப் பூங்கா. வருடா வருடம் அநேகமாக இதே பாதைதான். நாங்கள் இதைக் கேலி செய்யவில்லை. பிறந்து பதினாறு வருடம் மலையை மட்டுமே பார்த்த பிள்ளை முதல் முறையாகக் கடலைப் பார்த்து நிற்பதற்கு விலை இல்லை. அது கட்டாயம் வேண்டும். ஆனால் விடிய முன் புறப்பட்டு, பஸ்ஸில் பாட்டுப் போட்டு, ஒரே நாளில் ஐந்து இடத்தை ஓடி ஓடிப் பார்த்து, நடுச்சாமத்தில் திரும்பி வந்தால், பிள்ளைக்கு மிஞ்சுவது தூக்கம் மட்டும்தான். கடலைப் பார்க்கட்டும், கூடவே இன்னொன்றையும் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

அந்த இன்னொன்று பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இங்குள்ள தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் பறித்த கொழுந்து கொழுந்து மடுவத்தில் நிறுத்த பிறகு என்னவாகிறது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? தொழிற்சாலைக்குப் போகிறது என்று தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் வான் பிடித்து வந்து சுற்றிப் பார்த்து, தேநீர் குடித்துவிட்டுப் போகும் தொழிற்சாலைக்குள், அந்தக் கொழுந்தைப் பறித்தவளின் மகள் காலடி வைத்ததில்லை. வாட்டுவது எதற்கு, உருட்டுவது எதற்கு, கொழுந்தின் பச்சை நிறம் எப்படிச் செம்பு நிறமாகிறது, சலித்த பின் எது பீ.ஓ.பி., எது டஸ்ட் என்பதை அவள் அங்கேயே பார்த்துத் தெரிந்துகொண்டால், விஞ்ஞானப் பாடத்தில் பாதி நம் தோட்டத்துக்குள்ளேயே இருப்பது விளங்கும்.

கணக்கும் அங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அம்மா ஒரு நாளைக்கு 18 கிலோ பறித்தால் அது 4 கிலோ தேயிலை. அந்த 4 கிலோவும் எங்கே போகிறது? கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. 2020 முதல் அது கணினி வழியாக நடக்கிறது. ஆகவே பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்ட இப்போது அங்கே ஏல மண்டபக் காட்சி இல்லை. ஆனால் ஏல விலை என்று ஒன்று இருக்கிறது, அதை வாரா வாரம் பார்க்கலாம் என்பதை உயர்தரத்தில் வணிகம் படிக்கும் பிள்ளை தெரிந்திருக்க வேண்டும். நாளைக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் நம் பக்கம் உட்கார்ந்து கணக்கு வைக்கப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் உண்டான நிலையம். மண், நோய், கன்று, உரம் என்று ஆராய்கிற விஞ்ஞானிகள் வேலை செய்யும் இடம். நம் பிள்ளைகளில் பலர் அந்த வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறார்கள். அதே தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கட்டு இருக்கிறது. 2012 முதல் அங்கிருந்து 150 மெகாவோட் மின்சாரம் கிடைக்கிறது. ஆற்றுத் தண்ணீர் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போய் நிலத்துக்கு அடியில் உள்ள மின் நிலையத்தில் விழுகிறது. நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வாசலிலேயே இருக்கின்றன. நாட்டுக்கே வெளிச்சம் போகும் தண்ணீர் நம் மலைகளிலிருந்துதான் இறங்குகிறது. அங்கே வேலை செய்யும் பொறியியலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரோடு நம் பிள்ளைகள் அரை மணி நேரம் பேச வேண்டும். பாடசாலை அதிபர் முன்கூட்டியே எழுதி அனுமதி எடுத்தால் நடக்கக்கூடிய காரியம்.

வரலாற்றுக்கும் இப்படித்தான். ஹேவாஹெட்ட பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு, நல்லது. ஆனால் அதே ஹேவாஹெட்ட பிரதேசத்தில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்விட்டது அங்கே. டெய்லர் உட்கார்ந்த கல்லைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, கோவிந்தன் விழுந்த தோட்டத்தின் பேரைக் கேள்விப்படாமல் திரும்பினால் அந்தப் பயணம் அரைப்பேர்தான்.

கம்பளை பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். நம் பாட்டன் பாட்டி புழங்கிய சாமான்கள், பழைய பத்திரங்கள் அங்கே இருக்கின்றன. "லயத்தைப் பார்க்க லயத்திலிருந்து போவதா?" என்று ஒரு தோழர் எங்களிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். போக வேண்டும் தோழரே. வெளியூர்ப் பிள்ளைகள் முன்னால் தன் வீட்டு விலாசத்தைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை, அந்த லயம் கண்ணாடிப் பெட்டியோடு நூதனசாலையாக இருப்பதைப் பார்க்கட்டும். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்களே, அந்தப் பாதையைப் பற்றியும் அங்கே வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம்.

பாராளுமன்றம் பார்க்கப் போகும் பாடசாலைகளும் இருக்கின்றன. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். அப்போது பாராளுமன்றம் காலி முகத்திடலில் இருந்தது. மறுவருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்கள் நாடற்றவர்களானார்கள், அதற்கடுத்து வாக்குரிமையும் போனது. இதைச் சொல்லாமல் கட்டடத்தையும் கதிரையையும் மட்டும் காட்டி என்ன பயன்?

இனித் தொழில் விஷயத்துக்கு வருவோம்.

சா/த எழுதிவிட்டு முடிவு வரும் வரை உள்ள அந்த மூன்று நான்கு மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் ஒருவன் தீபாவளிக்கு வருகிறான், திரும்பிப் போகும்போது இரண்டு பையன்களைக் கூட்டிப் போகிறான். பெண் பிள்ளையென்றால் கார்மன்ட், இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது வேலை. அந்த வேலைகள் கேவலமில்லை, உழைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் பிள்ளை அதைத் தெரிந்தெடுக்கவில்லை. வேறு எதுவும் அதன் கண்ணில் படவில்லை. "நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால் டொக்டர், டீச்சர், தாதி என்று மூன்று சொல்லும். நான்காவது தெரியாது. அந்த மூன்றும் கிடைக்காதென்று நினைத்த உடனே கொழும்புக் கடை.

டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு நாமெல்லாம் போயிருக்கிறோம். வரிசையில் நின்று மருந்தெடுத்து வந்திருக்கிறோம். அங்கே டொக்டரும் தாதியும் மட்டுமா வேலை செய்கிறார்கள்? இரத்தம் பரிசோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளர், கை கால் பயிற்சி கொடுப்பவர், கணக்குப் பார்ப்பவர், மின்சாரம் பார்ப்பவர் என்று எத்தனை பேர்! ஒவ்வொரு வேலைக்கும் உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே பிள்ளைகள் கேட்க வேண்டும். இதைப் பதினொன்றாம் வகுப்பில் கேட்டால்தான் பயன். உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்துப் பாதி தூரம் போன பிறகு, "ஆய்வுகூட வேலைக்கு விஞ்ஞானம் வேண்டுமாம்" என்று தெரிந்து என்ன செய்வது? விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் நம் பக்கத்தில் குறைவு. அது தனியாகப் போராட வேண்டிய விஷயம். ஆனால் இருக்கிற பாடசாலையிலும் பிள்ளை தெரியாமலே அந்தப் பாடத்தை விட்டுவிடக்கூடாது.

பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது. நம் தோட்டப் பாடசாலைகளில் இன்றைக்குப் படிப்பிக்கிற டீச்சர்மாரில் பலர் அங்கே பயிற்சி எடுத்தவர்கள், அவர்களில் லயத்துப் பிள்ளைகளும் உண்டு. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பேராதனைப் பூங்காவுக்குப் போகும் பஸ், அங்கிருந்து கொஞ்சத் தூரத்திலுள்ள பல்கலைக்கழகத்துக்குள் ஏன் திரும்புவதில்லை? அங்கே படிக்கும் நம் தோட்டத்து அக்காமார் அண்ணன்மார் நாலு பேரை முன்கூட்டியே சொல்லி வரவழைத்து, புல்வெளியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தப் பாடசாலை, உயர்தரம் எத்தனை முறை எழுதினாய், ஹொஸ்டலில் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எந்த உத்தியோகத்தரின் விரிவுரையும் தீர்க்காது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "வயசுக்கு வந்த பிள்ளையை வெளியில் அனுப்ப ஏலாது" என்று சுற்றுலாவுக்கு மறிக்கிற தகப்பன்மார் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். அதே பிள்ளையைச் சா/த முடிந்த கையோடு, முகம் தெரியாத தரகர் சொன்னார் என்று கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பத் தயங்காதவர்களும் இருக்கிறீர்கள். ஐந்து டீச்சர்மாரோடு பகலில் போய் வருவதில் உள்ள பயம், அங்கே ஏன் வருவதில்லை? பயம் இருந்தால் சொல்லுங்கள், இரண்டு தாய்மாரையும் பஸ்ஸில் சேர்த்து அனுப்பச் சொல்லி அதிபரிடம் கேட்போம். மறிக்காதீர்கள்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது பாதை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ் வேனிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் செத்தார்கள். வேனில் வந்தவர்கள் ஹட்டன் பக்கத்தவர்கள். அந்த இறக்கத்தை நாமெல்லாம் அறிவோம். ஆகவே வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக் கடிதத்தோடு விட்டுவிடாமல், கமிட்டித் தலைவர்கள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பஸ்ஸின் பிரேக்கை யார் பார்த்தது? டிரைவர் முதல் நாள் இரவு தூங்கினாரா? எந்த வீதியால் போகிறார்கள்? இரவு ஒரு மணிக்குப் புறப்படும் சுற்றுலா வேண்டவே வேண்டாம். பக்கத்து இடங்களைத் தெரிந்தெடுத்தால் காசும் குறையும், ஆபத்தும் குறையும்.

கடைசியாக, தானதர்மம் பற்றி. இதைப் பேசும்போது எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து வரிசையில் நின்று வாங்கிப் பழகியவர்கள். யாரோ வருவார்கள், ஐந்து கொப்பியும் ஒரு பேனையும் கொடுப்பார்கள், பிள்ளை அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்க வேண்டும். கொடுப்பவர்களில் நல்ல மனம் உள்ளவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் படம் பிடிப்பதாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் நம் ஆட்கள் சொல்ல வேண்டும். இன்னொன்று, சமூக சேவை என்ற பேரில் பாடசாலை நேரத்தில் பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்க விடுவதை நாங்கள் ஏற்கவில்லை.

நம் பிள்ளைகளும் கொடுக்கக்கூடியவர்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, தோட்டத்துச் சனம் தன் வீட்டு அரிசியிலிருந்தும் உடுப்பிலிருந்தும் பிரித்துக் கொடுத்தது. அந்தக் குணத்துக்குப் பாடசாலையில் ஓர் ஒழுங்கான வேலை கொடுத்தால் போதும். காசு வேண்டியதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறோம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதானால் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். ஆனால் நம் வயதானவர்கள் எத்தனை பேர் அந்தக் காசுக்காக வருடக்கணக்கில் அலைகிறார்கள்? அடையாள அட்டையில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பேர், செக்ரோலில் மூன்றாவது பேர். கடிதம் வந்தால் சிங்களத்தில் வரும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் வரும். படிக்க ஆளில்லாமல் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கே படிவம் என்றால் என்ன, எந்தப் பத்திரம் வேண்டும், பேர் பிழையாக இருந்தால் எங்கே போக வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு இரண்டு இரண்டு பேராக, கமிட்டித் தலைவரோ டீச்சரோ கூட இருக்க, லயம் லயமாகப் போய் வயதானவர்களின் கடிதங்களைப் படித்துக் காட்டட்டும், பத்திரங்களில் உள்ள பேர்களை ஒப்பிட்டு எழுதித் தரட்டும். காசையோ கையெழுத்தையோ பிள்ளைகள் தொடக்கூடாது. ஒரு தாத்தாவின் முப்பது வருட உழைப்பு எப்படி ஒரு எழுத்துப் பிழையில் மாட்டிக் கிடக்கிறது என்று பார்த்த பிள்ளை சிங்களமும் ஆங்கிலமும் எதற்குப் படிக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்காது.

பிள்ளை மடுவத்தில் வாரத்துக்கு ஒரு நாள் சின்னவர்களுக்குக் கதை வாசிக்கலாம். லயத்துக் கானை எல்லோரும் சேர்ந்து துப்புரவாக்கலாம், அதற்குப் பெரியவர்களும் மண்வெட்டியோடு வர வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டியது. ஜனவரியிலேயே சுற்றுலா எங்கே, எவ்வளவு என்று அதிபர் சொல்லிவிட்டால் மாதம் 200, 300 என்று சேர்க்கலாம். நம் தாய்மார் சீட்டுப் பிடிப்பதில் கெட்டிக்காரிகள், அந்த முறையிலேயே வகுப்புக்கு ஒரு சீட்டு வைக்கலாம். காசு கட்டாத பிள்ளைகளின் பேரை வகுப்பில் வாசிப்பது நிற்க வேண்டும், அதை அதிபரிடம் பேசுவது கமிட்டித் தலைவரின் பொறுப்பு. கட்டவே முடியாத பிள்ளைகளின் பங்கைக் கிளைகள் சந்தாப் பணத்திலிருந்து கொடுப்பதென்று இந்தக் கூட்டம் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்கிறோம். அந்தப் பிள்ளைகளின் பேர் தலைவருக்கும் வகுப்பு டீச்சருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சாப்பாடு கடையில் வேண்டாம், வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போகட்டும். தொழிற்சாலையைப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு நாள் திறந்து காட்டும்படி தோட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் போகும்போது ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய்த் திங்கட்கிழமை கந்தோரில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.

அடுத்த சந்தாக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் டிவிஷனில் பத்தாம், பதினொன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கடந்த சுற்றுலாவுக்குப் போகாதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். மாதர் அணித் தலைவிகள் வீடு வீடாகக் கேட்டால்தான் சரியான கணக்கு வரும். பிள்ளைகளிடமே கேட்டால் வாந்தி வரும் என்றுதான் சொல்வார்கள்.